கையோடு கொண்டுவந்த கோயில்

அந்த வேலையை என்னிடம் தந்ததற்கு ஒரே காரணம், என்னால் பழைய கையெழுத்தை வாசிக்க முடியும் என்பதுதான். நான் வரலாறு படித்தவள் அல்ல. ஒக்லாந்தின் பக்குரங்காவில் ஒரு மருந்துக்கடையில் வேலை செய்கிறேன். யாழ்ப்பாணத்தில் மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்த காலத்தில், இரட்டைக்கோட்டுக் கொப்பியில் ஆங்கில எழுத்துகளை ஒன்றோடொன்று கோத்துச் சாய்த்து எழுதாவிட்டால் விரல் மொழியில் அடிமட்டத்தால் அடி விழும். வாங்கிய அடிக்கெல்லாம் பலன் நாற்பது வருடம் கழித்து, ஒக்லாந்தில், மவுண்ட் ரோஸ்கில்லில் இருக்கும் ஒரு பழைய பிரெஸ்பிட்டேரியன் கோயிலில் கிடைத்தது.

கோயில் என்றுதான் சொல்லுவேன். யாழ்ப்பாணத்தில் எங்கள் கிறிஸ்தவர்களுக்குப் பழகிய சொல் அதுதான். எங்கள் போதகர் திருநெல்வேலிக்காரர், அவர் சர்ச் என்பார். மலேசியாவிலிருந்து வந்த குடும்பங்களும் அப்படித்தான். இதை எழுதுவது நான் என்பதால் இது கோயில்.

இந்நாட்டுக் கவுரி மரத்தில் கட்டி வெள்ளை பூசிய சின்னக் கோயில். கூர்முனை ஜன்னல்கள். மழை பெய்தால் இரண்டு இடத்தில் வாளி வைக்க வேண்டும். காலையில் ஆங்கில ஆராதனைக்குப் பதினைந்து பேர் வருவார்கள், அதில் பத்துப் பேருக்குக் கைத்தடி. பிற்பகல் இரண்டு மணிக்குத் தமிழ் ஆராதனை, முப்பது குடும்பங்கள். காணியும் கோயிலும் அந்தப் பதினைந்து பேருக்குரியவை, நாங்கள் இரவல். கூரை திருத்தவும் நிலநடுக்கத்துக்குத் தாங்கும்படி பலப்படுத்தவும் அவர்களால் முடியவில்லை. விற்றுவிடுவோம் என்று பாதிப் பேர், கோயிலைப் பாரம்பரியக் கட்டடப் பட்டியலில் சேர்க்கப் பார்ப்போம் என்று மீதிப் பேர். பட்டியலில் சேர்ந்தால் இடிக்க முடியாது, திருத்த உதவியும் கிடைக்கலாம். சேராவிட்டால் காணி விலைப்படும், எங்கள் இரண்டு மணி ஆராதனை நடுத்தெருவுக்கு வரும். விண்ணப்பத்தோடு கட்டடத்தின் வரலாறு நாலு பக்கத்தில் வேண்டும் என்றார்கள்.

அவர்களுடைய செயலாளர் மாரிகாலத்திலும் அரைக்காற்சட்டையோடு திரியும் ஒரு நெட்டையான ஓய்வூதியக்காரர். அவர் வாழைப்பழப் பெட்டி ஒன்றில் பழைய கூட்டக் குறிப்புப் புத்தகங்களை அடுக்கிக்கொண்டு எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். எங்கள் பிள்ளைகளுக்கு இந்த எழுத்தை வாசிக்கத் தெரியாது, எனக்குக் கண் போதாது, நீங்கள் மருந்துச் சீட்டு வாசிக்கிறவர்தானே என்றார். இப்போது மருந்துச் சீட்டெல்லாம் கணினியில் வருகிறது என்று நான் சொல்லவில்லை. சரி, எழுதித் தருகிறேன் என்றேன்.

எனக்கு இதில் ஏன் இவ்வளவு அக்கறை என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஊரில் எங்கள் கோயில் இராணுவத்தின் பாதுகாப்பு வலயத்துக்குள் அகப்பட்டது. இருபது வருடத்துக்கு மேல் முட்கம்பிக்கு அந்தப் பக்கம் நின்றது. நாங்கள் இந்தப் பக்கம், பிறகு கொழும்பு, பிறகு இங்கே. இன்னொரு கோயிலை இழக்க எனக்குத் தெம்பில்லை. அவ்வளவுதான்.

பெட்டியில் ஐந்து புத்தகங்கள் இருந்தன. முதல் புத்தகத்தைத் திறந்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. ஸ்கொட்லாந்திலிருந்து கப்பலேறி வந்த மூப்பர்கள், படகு கட்டுகிறவர்களும் கயிறு திரிக்கிறவர்களும். ஆர்மோனியம் வேண்டுமா வேண்டாமா என்று மூன்று வருடம் சண்டை போட்டிருக்கிறார்கள். மனிதக் குரலுக்கு மேல் மரப்பெட்டிக்கு என்ன வேலை என்று ஒரு மூப்பர் கேட்டிருக்கிறார். ஆர்மோனியம் வந்தபின் அவர் அது வாசிக்கப்படும் நேரமெல்லாம் எழுந்து வெளியே போய் மழையிலும் நின்றுவிட்டுப் பிரசங்கத்துக்கு உள்ளே வருவாராம். தேநீர் உபசரிப்பில் பெரிய கேத்தலின் மூடியை உடைத்தது யார் என்று விசாரிக்க ஒரு தனிக் கூட்டம். எங்கள் தமிழ்ச் சபைக் கமிட்டியை அப்படியே தூக்கி அங்கே வைத்த மாதிரி இருந்தது. இவர்களோடு எனக்குச் சரிவரும் என்று நினைத்தேன்.

பிறகுதான் குழப்பம் தொடங்கியது. கோயில் படிகளில் நிற்கும் பையன்கள் கீழே இறங்குதுறையில் போகிறவர்களின் தொப்பியில் துப்புகிறார்கள் என்று ஒரு முறைப்பாடு. கப்பலின் ஊதல் சத்தத்தில் பிரசங்கம் இரண்டு தரம் நின்றுபோனது என்று இன்னொன்று. காலை வெயில் திருவிருந்து மேசைக்கு மேலுள்ள ஜன்னலால் வந்து சபையாரின் கண்ணைக் கூசச் செய்கிறது, திரை வாங்க வேண்டும் என்று ஒரு தீர்மானம். நான் புத்தகத்தைக் கையில் எடுத்துக்கொண்டு கோயில் வளவுக்குப் போய்ச் சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். மவுண்ட் ரோஸ்கில்லில் கடல் எங்கே? படியில் நின்று துப்பினால் பஸ் தரிப்பில் நிற்கிறவருடைய தலையில்தான் விழும். மேசைக்கு மேலுள்ள ஜன்னல் மேற்கைப் பார்க்கிறது. காலை வெயில் அந்தச் சுவரில் விழவே விழாது.

என் கணவரைக் கூட்டிக்கொண்டு போய் அவருடைய தொலைபேசித் திசைகாட்டியால் நாலு மூலையிலும் அளக்கச் சொன்னேன். அவர் மனுரேவாவில் ஒரு கிடங்கில் பொறுப்பாளர், ஒரு பொருள் எந்தத் தட்டில் இருக்கிறது என்று அறியாமல் நித்திரை கொள்ளமாட்டார். நாலு தரம் அளந்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"இஞ்சேரும், சூரியன் மாறேல்லை. நீர்தான் எங்கையோ மாறி வாசிக்கிறீர்."

"நான் மாறி வாசிக்கேல்லை. காலை வெயிலெண்டு தெளிவாக் கிடக்கு."

"அப்ப இது வேற கோயில்ர புத்தகமா இருக்கும்."

அதுவும் சரிவரவில்லை. இரண்டாம் புத்தகத்தில் கடலே இல்லை. சேறு, வேலி இல்லாத புல்வெளி, யாரோ விட்ட குதிரை கோயில் வளவில் மேய்ந்தது, பஸ் இன்னும் வரவில்லை என்ற புலம்பல். இதுதான் மவுண்ட் ரோஸ்கில், சந்தேகமில்லை. ஆனால் உட்கார இருபத்தாறு வாங்குகள் என்று முதல் புத்தகத்தில் இருந்தது இரண்டாவதிலும் இருபத்தாறு. ஒரு கப்பல் தலைவனின் மனைவி நினைவாகக் கொடுத்த நீலக் கண்ணாடி ஜன்னல் இரண்டிலும் இருக்கிறது. இரண்டாம் புத்தகத்தின் தொடக்கத்தில் பல மாதத்துப் பக்கங்கள் தண்ணீர்பட்டு ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிவிட்டன. புதுக் கோயிலுக்கு அடிக்கல் நட்டதாக ஒரு வரியும் கண்ணில் படவில்லை. அடிக்கல் நடாமல் கோயில் கட்டுகிறவர்கள் யார்? கேத்தல் மூடிக்கே தனிக் கூட்டம் போட்டவர்கள் அல்லவா இவர்கள்?

இரண்டு கிழமை மண்டையைப் போட்டு உடைத்தேன். மருந்துக்கடையில் ஒரு கிழவருக்கு மாத்திரையை இரண்டு தரம் எண்ணிக் கொடுத்துவிட்டு மூன்றாம் தரமும் எண்ணினேன். பிறகு ஒரு நாள், வீட்டுக்குக் காரோட்டி வரும்போது, மோட்டர்வேயில் வாகனங்கள் அசையாமல் நின்ற நேரத்தில், எனக்குச் சட்டென்று விளங்கியது. மோட்டர்வே! முதல் புத்தகத்தின் கடைசிப் பக்கங்களில் அந்தச் சொல் வந்துகொண்டே இருந்தது. நகரத்துக்குள்ளே புதிய பாதை போடுவதற்காக அந்தச் சுற்றுவட்டாரத்தின் வீடுகளை எடுத்திருக்கிறார்கள். சனம் கலைந்து புதிதாகக் கட்டிய அரசாங்க வீடுகளுக்கு, மவுண்ட் ரோஸ்கில் பக்கம், வந்திருக்கிறது. இடம்பெயர்வு! எனக்குத் தெரியாத விஷயமா?

அதற்குப் பிறகு எல்லாம் தானாகப் பொருந்தியது. இடம்பெயர்ந்த சனம் போன இடத்தில் விட்டுவந்ததைப் போலவே கட்டும். எங்கள் ஊர் ஆட்கள் வெளிநாடுகளில் கட்டிய வீடுகளைப் பார்த்திருக்கிறேன், குசினி வாசலும் கிணற்றடிப் பக்கமும் பழைய வீட்டின் அளவுதான், கிணறு மட்டும் இருக்காது. இவர்களும் அப்படியே இருபத்தாறு வாங்கு, அதே கூர்முனை ஜன்னல், அந்தக் கப்பல் தலைவன் குடும்பத்திடம் போய் மறுபடி ஒரு நீலக் கண்ணாடி. அடிக்கல் ஏன் நடவில்லை? மனம் வந்திருக்காது. பழையதை விட்டுவிட்டு வந்த துக்கத்தில் விழா எடுக்க யாருக்கு மனம் வரும்?

முதல் புத்தகத்தின் கடைசிக் குறிப்பு மூன்றே வரி. கடைசி ஆராதனை நடந்தது. காணிக்கை வழமைபோல். சாவி ஒப்பந்தக்காரரிடம் ஒப்படைக்கப்பட்டது. இந்த மூன்று வரியை வைத்துக்கொண்டு நான் ஒன்றரைப் பக்கம் எழுதினேன். பெண்கள் வாங்குகளைத் தடவிப் பார்த்ததை எழுதினேன். ஆர்மோனியத்தை எதிர்த்த குடும்பத்தின் பேரன் கடைசியாக ஒரு தரம் அதைத் திறந்து மூடியதை எழுதினேன். கதவு பூட்டப்பட்டதும் சனம் உடனே போகாமல் வாசலில் நின்றதையும், யாரும் யாரையும் பார்க்காமல் ஒவ்வொருவராகப் படியிறங்கியதையும் எழுதினேன். எழுதும்போது அழுதேன் என்று சொல்ல எனக்கு வெட்கமில்லை. கற்பனை என்று அப்போது தோன்றவேயில்லை. ஒரு கோயிலை விட்டுவிட்டு வருகிறவர்கள் எப்படி வருவார்கள் என்று எனக்குத் தெரியும், தெரிந்ததை எழுதினேன்.

காலை ஆராதனைக்காரரும் நாங்களும் சேர்ந்து வழிபட்ட ஒரு ஞாயிற்றுக்கிழமை, தேநீருக்குப் பிறகு கோயிலுக்குள்ளேயே அதை வாசிக்கச் சொன்னார்கள். வாசித்தேன். சாவி கைமாறிய இடம் வந்தபோது எங்கள் ஆட்களில் நாலைந்து பேர் மூக்கைத் துடைத்தார்கள். அவர்கள் எல்லோரும் யாழ்ப்பாணத்து ஆட்கள். அரைக்காற்சட்டைக்காரர் தொண்டையைச் செருமினார். நான் வாசித்து முடித்துத் தாளை மடித்தேன்.

முன்வரிசையில் இருந்த ஒரு வெள்ளைக்கார மூதாட்டி, எண்பதைத் தாண்டியவர், இஞ்சி பிஸ்கட்டைத் தேநீரில் நனைத்தபடி சிரித்தார். கெட்ட சிரிப்பில்லை, பிள்ளை தப்பாகக் கணக்குச் சொன்னால் சிரிக்கும் சிரிப்பு.

"அழகாக எழுதியிருக்கிறாய் கண்ணே," என்றார் ஆங்கிலத்தில். "ஆனால் நாங்கள் அதை விட்டுவிட்டு வரவில்லையே. கையோடு கொண்டுவந்தோம்."

எதை என்று கேட்டேன்.

"இந்தக் கோயிலைத்தான். நடுவில் அறுத்து இரண்டு லொறியில் ஏற்றி. என் அப்பா முன்னால் நடந்தார், கையில் நீளத் தடி, மின்கம்பிகளைத் தூக்கிப் பிடிக்க. எனக்கு அன்று பள்ளிக்கூடம் இல்லை. அடுத்த மாதமே என் பழைய இடத்தில் உட்கார்ந்தேன். வெயில் மட்டும் மற்றப் பக்கத்தால் வந்தது."

என் முகம் எப்படி இருந்ததோ தெரியாது, அவர் அரைக்காற்சட்டைக்காரரைக் கூப்பிட்டு நடுக் கம்பளத்தை உயர்த்தச் சொன்னார். அந்த இடத்தில் ஒரு மேடு உண்டு, எங்கள் பிள்ளைகள் தடுக்கி விழாத ஞாயிறு இல்லை. கம்பளத்தைச் சுருட்டினார்கள். சுவரிலிருந்து சுவர்வரை நேரே ஒரு கோடு. அறுத்த பலகைகளைச் சேர்த்து மெழுகுபோல் எதையோ அடைத்திருந்தார்கள். எல்லோரும் குனிந்து பார்த்தோம். இத்தனை வருடம் அதன்மேல் நடந்த ஒருவருக்கும் அது என்னவென்று கேட்கத் தோன்றவில்லை. தெரிந்திருந்த ஒரே ஆளிடமும் யாரும் கேட்கவில்லை.

இங்கே வீடுகளை இப்படி ஏற்றிக்கொண்டு போவார்கள் என்பது எனக்குத் தெரியாததல்ல. மோட்டர்வேயில் பாதி வீடு ஒன்று எனக்கு முன்னால் ஊர்ந்து போனதைக் கண்டிருக்கிறேன். வீடு சரி, கோயிலையுமா? இரண்டு கிழமை யோசித்தவளுக்கு அது ஒரு கணம்கூட மூளையில் தட்டவில்லை. எனக்குத் தெரிந்த வரையில் சனம்தான் போகும், கோயில் நிற்கும்.

சிரித்துச் சமாளித்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். வந்ததும் கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியவில்லை. பாத்திரங்களை அடுக்குகிற சத்தத்தில் கணவர் குசினி வாசலுக்கு வந்தார்.

"அது மரக்கோயிலப்பா. அறுக்கலாம், ஏத்தலாம். எங்கட கோயில் கல்லும் சுண்ணாம்பும். அதை ஆர் தூக்கிறது?"

"தூக்கேலாதெண்டு எனக்குத் தெரியாதே?"

"பிறகென்ன?"

"ஒரு வாங்கையாவது தூக்கியிருக்கலாம். ஒரு கதவையாவது. நாங்கள் ஒண்டையும் எடுக்கேல்லை. எடுக்கலாமெண்டு ஒருத்தருக்கும் தோன்றவுமில்லை."

 எங்கள் மகள் மேல்மாடியிலிருந்து, ஒரு லொறிக்காகவா அம்மா இவ்வளவு சத்தம் என்று ஆங்கிலத்தில் கேட்டாள். ஓம், ஒரு லொறிக்காகத்தான் என்று கத்தினேன்.

செவ்வாய்க்கிழமை போதகர் தொலைபேசியில் வந்தார். விண்ணப்பப் படிவத்தில் கட்டடம் முதலில் எழுப்பிய இடத்திலேயே நிற்கிறதா என்று ஒரு கேள்வி உண்டு. அரைக்காற்சட்டைக்காரர் என் நாலு பக்கத்தை நம்பி ஆம் என்று நிரப்பி வைத்திருந்தார். வெள்ளிக்கிழமை அனுப்ப வேண்டும். இடம் மாறிய கட்டடமென்றால் பட்டியலில் சேர்வது கஷ்டம் என்று யாரோ அவருக்குச் சொல்லியிருக்கிறார்கள். வரலாற்றை எழுதியவள் நான், திருத்துவதும் திருத்தாததும் என் கையில் என்று அரைக்காற்சட்டைக்காரர் விட்டுவிட்டாராம்.

"சிஸ்டர், அந்த ஒரு வரியப் போட்டுத்தான் ஆகணுமா?" என்றார் போதகர். "அந்த அம்மாவுக்கு எண்பது தாண்டிடுச்சு. சின்னப் பிள்ளையில பாத்தது. எதையாச்சும் எதோடயாச்சும் கலந்து சொல்றாங்களோ என்னவோ."

"கோடு கிடக்குதே ஐயா."

"கோடு கெடக்கட்டும். கார்ப்பெட்ட திரும்ப விரிச்சாச்சுல்ல. நான் பொய் சொல்லச் சொல்லல சிஸ்டர். சும்மா இருக்கத்தான் சொல்றேன். முப்பது குடும்பம். யோசிச்சுக்கோங்க," என்றார்.

அவரைக் குறை சொல்ல மாட்டேன். எனக்கும் அதே எண்ணம்தான் ஓடியது. மூன்று நாள் ஓடியது. ஒரு பக்கம் பார்த்தால் நான் செய்ய வேண்டியது எதுவுமில்லை. எழுதியதை எழுதியபடி விட்டால் கோயில் நிற்கும். எனக்கு அதுதானே வேண்டும்? மற்றப் பக்கம் பார்த்தால், ஒன்றரைப் பக்கத்துக்கு நான் எழுதிய அந்தக் கடைசி ஞாயிறு இருந்தது. புதன்கிழமை வேலைக்குப் போகும் முன் டோர்ச்சோடு போய்க் கோயிலின் அடியில் குனிந்து பார்த்தேன், மூதாட்டி கலந்து சொல்லியிருந்தால் நல்லது என்ற நப்பாசையில். பழைய விட்டங்களுக்குக் கீழே புதுக் காலத்துச் சீமெந்துக் கட்டைகள். விட்டங்களில் எண்கள் வரிசையாகச் சிவப்புச் சாயத்தில் எழுதியிருந்தன. திரும்பப் பொருத்துவதற்குப் போட்ட எண்கள். என் சேலைக் கரை சேறானதுதான் மிச்சம்.

வியாழக்கிழமை உட்கார்ந்து திருத்தி எழுதினேன். உண்மைக்காக என்று சொல்லிக்கொள்ள ஆசைதான், ஆனால் அது உண்மையில்லை. அந்த ஒன்றரைப் பக்கத்தை அவர்களிடம் விட்டுவைக்க எனக்குப் பொறுக்கவில்லை. அவர்கள் வாங்கைத் தடவி அழவில்லை. வாங்கும் கூடவே வந்தது. அழுகை என்னுடையது, எங்கள் ஊருடையது. எதையும் இழக்காத சனத்தின் பெயரில் அதை எழுதிக் கொடுத்துவிட்டேன், அதைத் திருப்பி எடுக்க வேண்டும் என்ற ஒரே வெறி. வீடுகளை இழந்தார்களே, தெருவையும் கடலையும் இழந்தார்களே என்று இப்போது யோசிக்கிறேன். அன்று அந்த நியாயமெல்லாம் தோன்றவில்லை. கடைசி ஞாயிறு முழுவதையும் வெட்டினேன். இரண்டு லொறி, நீளத் தடி, கோடு, எண்கள் எல்லாவற்றையும் போட்டேன். இடம் மாறியது என்று எழுதி அனுப்பினேன்.

மறுமொழி வர மாதங்கள் ஆகின. பட்டியலில் சேர்க்கவில்லை. காரணம் பலது சொல்லியிருந்தார்கள், இடம் அதில் ஒன்று. அந்த ஒன்று இல்லாவிட்டாலும் இதே முடிவுதானா என்று அரைக்காற்சட்டைக்காரரிடம் கேட்டேன்.  இன்றுவரைக்கும் எனக்கு அது தெரியாது.

காணியை விற்க முடிவெடுத்தார்கள். கோயிலை இடிக்க அவர்களுக்கும் மனமில்லை. ஒரு தரம் வந்தது இன்னொரு தரமும் போகும் என்று மூதாட்டி சொன்னாராம். முதல் உரிமை தமிழ்ச் சபைக்கு, காணி தேடிக்கொண்டு வந்தால் கட்டடத்தைச் சும்மாவே தருகிறோம், ஏற்றிக்கொண்டு போங்கள் என்று கடிதம் வந்தது. ஆராதனைக்குப் பிறகு கூட்டம் வைத்தோம்.

"ஸ்கூல் ஹால்தான் நல்லது லா," என்றார் மலேசியாக்காரர் ஒருவர், எங்கள் பொருளாளர். "பார்க்கிங் இருக்கு, ஹீட்டர் இருக்கு. இத தூக்கிட்டு எங்க போறது?"

எல்லோர் தலைமேலும் மோர்ட்கேஜ், காணி வாங்குவது நடக்காத காரியம் என்று எல்லோருக்கும் தெரியும். ஏற்றிக்கொண்டு போகலாம் என்பவர்கள் கையை உயர்த்துங்கள் என்றார் போதகர். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் கட்டாயம் உயர்த்துவேன் என்று நினைத்திருப்பார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். ஆனால் கை மடியிலேயே கிடந்தது. கோயிலைத் தூக்கிக்கொண்டு போவது என்பதை என் உடம்பு ஒத்துக்கொள்ளவில்லை. இதற்கு மேல் விளக்கம் என்னிடம் இல்லை.

கலைந்து போகும்போது தமிழ்நாட்டுப் பெண் ஒருத்தி, கைக்குழந்தைக்காரி, என் பக்கத்தில் வந்தாள். "ஆன்ட்டி, அந்த ஒரு வரிய நீங்க எழுதாம இருந்திருந்தா இது நமக்கே இருந்திருக்கும்ல?" என்றாள். குத்திக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். தெரியேல்லை பிள்ளை என்றேன்.

மனுரேவாவுக்கும் தெற்கே காணி மட்டும் வைத்திருந்த, தொங்கா தீவுக்காரரின் சபை ஒன்றுக்குக் கோயில் போவதாக முடிவானது. அவர்களில் ஆறு ஆண்கள் பார்க்க வந்தார்கள். கூரையையும் பார்க்கவில்லை, அடியையும் பார்க்கவில்லை. நடுவில் நின்று ஒரு பாட்டு முழுக்கப் பாடினார்கள். பிறகு ஒருவரையொருவர் பார்த்துத் தலையாட்டினார்கள். அவ்வளவுதான், எடுத்துக்கொண்டார்கள்.

ஏற்றும் நாள் காலை எனக்கு லீவு. பின்னறையில் தமிழ்ச் சபையின் அலுமாரி இருந்தது, அதை வெறுமையாக்கும் பொறுப்பு என்னுடையது. போனபோது லொறிகள் வந்து நின்றன. தலைக்கவசம் போட்ட நாலைந்து பேர் வளவில் நின்றார்கள். நான் காரின் பின்கதவைத் திறந்து வைத்துவிட்டு ஓடத் தொடங்கினேன். பாட்டுப் புத்தகங்கள், கேத்தல், கிறிஸ்மஸ் நாடகத்து உடுப்புகள், காகித நட்சத்திரம், இரண்டு பாய். கைக்கு அகப்பட்டதை அள்ளிக்கொண்டு ஓடினேன், போட்டேன், திரும்ப ஓடினேன். மூச்சு வாங்கியது, ஒரு செருப்பு எங்கேயோ கழன்று போனது.

நாலாம் தரம் வெளியே வந்தபோது வேலையாட்களின் தலைவர், மலைபோன்ற மனிதர், என் வழியில் வந்து நின்றார். கையிலிருந்த பெட்டியை மெதுவாக வாங்கினார்.

"ஏன் அம்மா ஓடுகிறீர்கள்?" என்றார். "மதியம் பன்னிரண்டு மணிவரை நாங்கள் இதைத் தொடப்போவதில்லை. ஆறுதலாக எடுங்கள். நீங்கள் முடிந்துவிட்டது என்று சொன்னபிறகுதான் தொடங்குவோம்."

 ஊரில் அன்று, வெளியேறச் சொல்லி ஒலிபெருக்கி கட்டிய வாகனம் ஒழுங்கையால் போன பிறகு எங்களுக்குக் கிடைத்தது அரை மணித்தியாலம். அந்த அரை மணித்தியாலத்தில் அடையாள அட்டையைத் தேடினோம், அரிசியைக் கட்டினோம், ஆட்டை அவிழ்த்துவிட்டோம். கோயில் பக்கம் ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. இரண்டு நாளில் வந்துவிடலாம் என்று நினைத்தோம். கடைசி ஆராதனை என்று ஒன்று எங்களுக்கு நடக்கவேயில்லை.

"எவ்வளவு நேரம் இருக்கு?" என்று கேட்டேன். தமிழில் கேட்டுவிட்டேன். அவருக்கு எப்படியோ விளங்கியது. மணிக்கூட்டைக் காட்டினார், ஒன்பதரை. பிறகு பெட்டியைக் கொண்டுபோய்க் காரில் வைத்துவிட்டு, தன் ஆட்களைத் தேநீர் குடிக்க அனுப்பினார்.

நான் உள்ளே போனேன். எடுக்க வேண்டியது ஒன்றும் இல்லை. மூன்றாம் வாங்கில், ஒற்றைச் செருப்போடு, பன்னிரண்டு மணிவரை இருந்தேன்.